பழைய டிவிக்கு ஸ்டிக், போர்டுக்குள் ரிலே: எதை வாங்கலாம், எப்படி அமைக்கலாம்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "2016-இல் வாங்கிய 43 அங்குல ஃபுல் ஹெச்டி டிவி இருக்கிறது. அம்மா, அப்பா இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என மூன்று ரிமோட்டை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். ஓடிடி பார்க்க ஒரு சாதனம் வேண்டும். கூடவே லைட், ஃபேன், கீசர், ஏசி எல்லாம் போனிலோ குரலிலோ இயங்க வேண்டும். சொந்த வீடு, இருபது வருட வயரிங். எதை வாங்குவது?"

பத்து வருடமாக என் வீட்டிலும் உறவினர், நண்பர்கள் வீடுகளிலும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். ஒரு சாதனத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?" என்பதுதான். நெட் இல்லாமல் படம் ஓடாது, அது சரி. ஆனால் ராத்திரி அப்பா பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது லைட் எரியாமல் போகக் கூடாது. விலை, கம்பெனி, வசதிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு ஸ்மார்ட் ஹோம் ஹப், அதாவது வீட்டுச் சாதனங்களை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டி, விற்றார்கள். விலை 300 டாலர். அந்தக் கம்பெனியைக் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் இருந்த பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றது. அவர்கள் ஆப்பை நம்பி வீடு முழுக்க ஸ்விட்ச் மாற்றியவர்கள் தவித்துப் போனார்கள். பெரிய கம்பெனி என்றால் நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச்சில், டிவியில் செருகும் கூகுளின் க்ரோம்காஸ்ட் சாதனத்தில் இரண்டாம் தலைமுறை உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கியது. உள்ளே இருந்த பத்து வருட டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. டிவியில் படம் சில நாள் வராவிட்டால் பரவாயில்லை. அதே கதி வீட்டு ஸ்விட்ச்சுக்கு வந்தால்?

ஆகவே டிவியையும் வீட்டு மின்சாரத்தையும் இரண்டு தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிவி. ஓடிடி பார்க்க டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்னச் சாதனம்தான் ஸ்டிக். ஃபுல் ஹெச்டி டிவிக்கு 4கே ஸ்டிக் வீண் செலவு என்று கடையில் சொல்வார்கள். நான் 4கே ஸ்டிக்தான் வாங்கச் சொல்வேன். படத்தின் துல்லியத்துக்காக இல்லை, ரேமுக்காக, அதாவது ஆப்கள் ஓட இடம் தரும் நினைவகத்துக்காக. அமேசானின் ஃபயர் டிவி வரிசையில் ஹெச்டி ஸ்டிக்கில் 1 ஜிபி ரேம், 4கே மேக்ஸில் 2 ஜிபி. 1 ஜிபி சாதனம் வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடும். இரண்டு வருடத்தில் ஆப்கள் எல்லாம் பெருத்துவிடும். பட்டனை அழுத்தினால் மூன்று எண்ணிய பிறகு நகரும். பெரியவர்கள் அது நகரவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள், அப்புறம் எங்கேயோ போய் நிற்கும். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று அவர்கள் ரிமோட்டைக் கீழே வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தவறு அவர்களுடையது இல்லை. பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருக்கிறது என்பதற்காக வாங்காமல், 2 ஜிபி ரேம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபயர் டிவியா, கூகுள் டிவியா? உங்கள் தேவைக்குக் கூகுள் டிவி அமைப்பு ஓடும் ஸ்டிக். முகப்புத் திரையை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள அதில்தான் இடம் இருக்கிறது. ஃபயர் டிவியில் அந்தக் கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறது. 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட்டில் ஆண்ட்ராய்டே இல்லை, வேகா என்ற அவர்களுடைய சொந்த அமைப்பு ஓடுகிறது. அமேசானின் ஆப் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறெதையும் அதில் போட முடியாது. வீட்டில் ஏற்கெனவே அமேசானின் எக்கோ (அலெக்சா) ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஃபயர் டிவி வசதிதான், மறுக்கவில்லை. ஐபோன் குடும்பம் என்றால் ஆப்பிள் டிவி பெட்டி. முகப்பில் விளம்பரத் தொல்லை குறைவு, வேகம் நன்றாக இருக்கும், விலைதான் பல மடங்கு.

"எல்லாச் சேனலும் இலவசம்" என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, அவற்றில் பலவற்றுக்கு வைட்வைன் எல்1 சான்று (ஓடிடி படங்களைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை) கிடையாது. எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480பி தரத்தில்தான் ஓடும், நீங்கள் மாதம் எவ்வளவு கட்டினாலும். இரண்டாவது இன்னும் மோசம். இப்படிப்பட்ட பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே வைரஸை ஏற்றி அனுப்புவது கண்டுபிடிக்கப்பட்டு, அமெரிக்க எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் எச்சரிக்கையே வெளியிட்டது. உங்கள் வீட்டு இணைப்பு வழியாக வேறு யாரோ வேறு ஏதோ செய்துகொண்டிருப்பார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வைஃபையில் அந்தப் பெட்டி இருக்கக் கூடாது.

ஸ்டிக் வந்ததும் செய்ய வேண்டியவை. அதோடு வரும் அடாப்டரிலேயே அதைச் செருகுங்கள். டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளை சாதாரணமாக அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு அது போதாது. "அடிக்கடி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது" என்று என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். அடுத்து, ஹெச்டிஎம்ஐ சிஇசி என்ற அமைப்பை டிவியிலும் ஸ்டிக்கிலும் ஆன் செய்யுங்கள். டிவி கம்பெனிகள் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க். இதை ஆன் செய்தால் ஸ்டிக் ரிமோட்டை அழுத்தியதும் டிவி தானாக எழுந்து சரியான இன்புட்டுக்கு வந்து நிற்கும். ஒரு ரிமோட் அப்போதே குறைந்துவிட்டது.

பலர் தொடாமல் விடும் இன்னொன்று பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. நம் சினிமா நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. ஸ்டிக் டிவிக்கு அனுப்புவது 60. கணக்கு சரியாக வகுபடாததால் சில பிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். கேமரா ஒரு தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாகத் திரும்பிக் காட்டும்போது படம் விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரிவது இதனால்தான். டிஸ்ப்ளே அமைப்பில் மேட்ச் பிரேம் ரேட் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். படம் தொடங்கும்போது ஒரு விநாடி திரை கறுத்துத் திரும்பும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெற்றோருக்கு முகப்புத் திரைதான் எல்லாமே. கூகுள் டிவியில் ஆப்ஸ் ஒன்லி மோட் என்று ஒன்று உண்டு. பரிந்துரை, விளம்பரப் படங்கள் எல்லாம் போய் ஆப்கள் மட்டும் தெரியும். ஆனால் அதை ஆன் செய்தால் குரல் தேடலும் போய்விடும். அதனால் நான் அதற்குப் பதிலாக ப்ரொஜெக்டிவி லாஞ்சர் என்ற முகப்புத் திரை ஆப்பைப் போட்டு, நான்கே நான்கு ஐகானைப் பெரிதாக வைத்துத் தருகிறேன். சன் நெக்ஸ்ட், யூடியூப், ஜியோஹாட்ஸ்டார், அப்புறம் ஊர்க் கல்யாண வீடியோக்களும் பேரப்பிள்ளைகள் படங்களும் இருக்கும் ஜெல்லிஃபின். இந்த ஜெல்லிஃபின் 2018-இல் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். பழைய லேப்டாப் ஒன்றில் ஓடவிட்டால் உங்கள் சொந்த வீடியோக்கள் டிவியில் போஸ்டரோடு வரிசையாக நிற்கும். அம்மாவுக்குப் பிடித்தது கடைசியில் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், என் அனுபவம் அப்படி.

நெட் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் ஹெச்டிக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. பிரச்சினை பெரும்பாலும் ரூட்டர் ஹாலில் இருந்து டிவி படுக்கையறையில் இருப்பதுதான். நடுவில் கான்கிரீட் சுவர், டிவிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக். பெட்டியோடு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வந்தால் தூக்கிப் போடாமல் அதில் மாட்டி ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தொங்கவிடுங்கள், சிக்னல் தேறும்.

சரி, இனி வீட்டு மின்சாரம். இங்கேதான் அவசரம் கூடாது.

கடைகளில் முதலில் காட்டுவது ஸ்மார்ட் பல்ப். நான் அதை வாங்கச் சொல்வதில்லை. சுவரில் இருக்கும் ஸ்விட்ச்சை யாராவது பழக்கத்தில் ஆஃப் செய்தால் பல்ப் செத்துவிடும், அப்புறம் போனிலும் வராது, குரலிலும் வராது. வீட்டு வேலைக்கு வருபவரிடமும் விருந்தாளியிடமும் "அந்த ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டா இருப்பது? ஸ்விட்ச் போர்டுக்குள், ஸ்விட்ச்சுக்குப் பின்னால் வைக்கும் சின்ன ரிலே மாட்யூல், அதாவது போனிலிருந்து சொன்னாலும் மின் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் கருவிதான் சரியான வழி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பழைய ஸ்விட்ச் அப்படியே வேலை செய்யும், போனிலும் வேலை செய்யும். வைஃபை செத்தாலும் சுவர் ஸ்விட்ச் சாகாது. சோனாஃப், ஷெல்லி போன்றவை இந்த வகை.

இந்த ரிலேவுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பழைய வீட்டில் நியூட்ரல் இருக்காதே என்று பலர் பயப்படுகிறார்கள். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் நான்கு ஸ்விட்ச்சோடு ஒரு பிளக் பாயிண்டும் இருக்கும். பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்துதான் ஆக வேண்டும். மாடிப்படி இருவழி ஸ்விட்ச், கட்டில் தலைமாட்டு ஒற்றை ஸ்விட்ச், இவற்றில்தான் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு போர்டாகத் திறந்து பாருங்கள். இருபது வருட வயரிங் என்கிறீர்கள், அதனால் இன்சுலேஷன் காய்ந்து உடைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். உடைகிறது என்றால் ஸ்மார்ட் எல்லாம் பிறகு, முதலில் வயரை மாற்றுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் வையுங்கள்.

கீசருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டிய ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு மாதத்தில் பிளக்கின் வாய் பழுப்பாகி, உருகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடித்து இழுத்தபோது பின் ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. அந்த வாசனையை நான் இன்னும் மறக்கவில்லை. பிளக் நல்லதாக இருந்தாலும் சாக்கெட் தளர்ந்திருந்தால் இதே கதைதான், ஆகவே இரண்டையும் பாருங்கள். கீசர் பிளக்கில் "ஆன் ஆகி 20 நிமிடத்தில் தானாக ஆஃப்" என்று டைமர் வைத்துவிட்டால் மறந்துபோகும் பயம் இல்லை.

ஏசியைப் பிளக்கில் அணைக்கக் கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது அதற்கு நல்லதில்லை. ரிமோட் வேலையைச் செய்யும் ஐஆர் (அகச்சிவப்புக் கதிர்) பிளாஸ்டர்தான் அதற்கு. இது ரிமோட்டின் சிக்னலை நகலெடுத்து அனுப்பும், ஆனால் சுவரைத் தாண்டாது, ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வேண்டும். ஃபேன் பழையதாக இருந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேனாக மாற்றிவிடுங்கள். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் சுற்றியே இழுக்கும், ரிமோட்டும் வரும். அது ஐஆர் ரிமோட் என்றால் அதே பிளாஸ்டரே போதும். பழைய ரெகுலேட்டரை மட்டும் கழற்றிவிட வேண்டும், பிஎல்டிசிக்கு நேரடி மின்சாரம்தான் போக வேண்டும். தண்ணீர் மோட்டாரைப் பற்றி நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்: அது கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சின்ன ரிலேவில் நேரடியாக மாட்டாதீர்கள். நடுவில் கான்டாக்டர் என்ற, அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ஸ்விட்ச் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சாதனம் வாங்கிவரச் சொல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்கானவை. இசட்-வேவ் என்ற ரேடியோ முறையில் பேசும் வகை என்றால் அங்கே 908.42 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865.2. இங்கே வாங்கியதோடு அது பேசவே பேசாது.

இப்போது கரண்ட் கட். என் வீட்டில் முதல் வருடம் நடந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வீட்டில் இருந்த ஒன்பது லைட்டும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. கரண்ட் வந்தால் ஆன் ஆக வேண்டும் என்பது அந்தச் சாதனங்களின் தொழிற்சாலை அமைப்பு. அம்மா பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார், திருடன் என்று நினைத்து. மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக ஆப்பில் திறந்து, "பவர் ஆன் நிலை" என்பதைப் "பழைய நிலை" என்று மாற்றினேன். வாங்கிய அன்றைக்கே இதைச் செய்யுங்கள். கீசர் பிளக்கிலும் மோட்டாரிலும் "பழைய நிலை" கூட வேண்டாம், "ஆஃப்" என்று வையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் வந்து கீசர் கொதிக்கக் கூடாது. ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் அந்த ஒரு நொடியில் சில ரூட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகி மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கின்றன.

எந்தத் தொழில்நுட்பத்தில் வாங்குவது என்றால், நான்கைந்து சாதனம் வரை வைஃபை போதும். பத்தைத் தாண்டினால் இணைப்புக் கம்பெனி தரும் ரூட்டர் மூச்சுத் திணறும். அப்போது வைஃபையைச் சாராமல் சாதனங்கள் தங்களுக்குள் பேசும் ஜிக்பீ என்ற ரேடியோ முறைக்கு மாறுவது நல்லது, அதற்கு ஒரு ஹப் வேண்டும். புதிதாக வாங்குவதில் மேட்டர் முத்திரை இருந்தால் முன்னுரிமை கொடுங்கள். 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் இது. ஒரே பிளக்கை அலெக்சாவிலும் கூகுளிலும் ஆப்பிளிலும் ஒரே நேரத்தில் இணைக்கலாம், கட்டளையும் வீட்டுக்குள்ளேயே போய்வரும். வைஃபை சாதனங்களை இணைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: அவற்றில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டரில் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்து இணைப்பு கிடைக்காவிட்டால், பெயரைப் பிரித்துவிட்டு முயலுங்கள். பிரிக்கிறபோதே சாதனங்களுக்கெனத் தனி கெஸ்ட் நெட்வொர்க் (மற்றவற்றோடு சேராத தனி வைஃபை) வைத்துவிட்டால் பாதுகாப்பும் ஆயிற்று.

குரலுக்கு வருவோம். எக்கோ ஸ்பீக்கருக்கு இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான். அம்மாவுக்கு அது தடையாக இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஏற்கெனவே "ஹால் லைட்", "பெட்ரூம் ஃபேன்" என்றுதான் சொல்கிறோம். சாதனத்துக்கு அதே பெயரை வையுங்கள். "அலெக்சா, ஹால் லைட் ஆஃப்" என்றால் போதும், முழு ஆங்கில வாக்கியம் வேண்டியதில்லை. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வயதானவர்களுக்குக் குரலைவிட நல்லது ஒரு பட்டன் என்பது என் தீர்மானமான கருத்து. ஜிக்பீ பட்டன் ஒன்றைக் கட்டில் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு அழுத்தில் பாத்ரூமுக்குப் போகும் வழி லைட், நீண்ட அழுத்தில் எல்லாம் ஆஃப். தொண்டை கட்டியிருக்கும் நாளிலும், தூக்கக் கலக்கத்திலும் அது வேலை செய்யும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க ஹோம் அசிஸ்டென்ட் இருக்கிறது. 2013-இல் பாலஸ் ஷௌட்சன் தொடங்கிய இலவச மென்பொருள், ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரிலோ பழைய மினி கம்ப்யூட்டரிலோ ஓடும், பல கம்பெனிகளின் சாதனங்களை வீட்டுக்குள்ளேயே கட்டுப்படுத்தும். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வார இறுதிகள் ஆகும். நான் என் அப்பாவுக்கு அதில் செய்து கொடுத்தது இது: சாயங்காலம் ஒரு பட்டனை அழுத்தினால் டிவி ஆன் ஆகி, ஹெச்டிஎம்ஐ 1-க்குப் போய், செட்டாப் பாக்ஸில் அவருடைய செய்திச் சேனல் எண் தானாக விழும். முதல் தடவை எண் தப்பாகப் போனது. மூன்று இலக்கத்தையும் ஐஆர் பிளாஸ்டர் மிக வேகமாக அனுப்பியதால் பாக்ஸ் இரண்டை மட்டுமே பிடித்தது. இலக்கங்களுக்கு நடுவே அரை விநாடி இடைவெளி விட்டதும் சரியானது. இன்னொரு சிக்கல், டிவி ஏற்கெனவே ஆனில் இருந்தால் அதே சிக்னல் அதை ஆஃப் செய்துவிடும், ஐஆருக்கு நிலை தெரியாது. டிவியை மின் அளவு காட்டும் பிளக்கில் மாட்டி, 30 வாட்டுக்கு மேல் இழுத்தால் ஆனில் இருக்கிறது என்று கணக்கு வைத்தேன். அப்பாவுக்கு இப்போது மூன்று ரிமோட்டும் அலமாரியில் இருக்கின்றன, கையில் அந்தப் பட்டன் மட்டும்.

வரிசை என்று கேட்டால்: இந்த மாதம் 2 ஜிபி ஸ்டிக்கும் மினி யுபிஎஸ்ஸும். அவர்கள் அதற்குப் பழகியதும் கீசர் பிளக், ஏசி அறைக்கு ஒரு ஐஆர் பிளாஸ்டர். போர்டுக்குள் ரிலே வைப்பது கடைசியில், ஒரே நாளில் எல்லா அறையையும் திறக்காமல் முதலில் ஹாலில் மட்டும். எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்ததும், எதையும் கழற்றுவதற்கு முன்பு, வயர்கள் இருக்கும் நிலையைத் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன்பு இன்னொன்று. இரண்டையும் பிரிண்ட் போட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வேறொரு எலக்ட்ரீஷியன் வந்தால் அவருக்கு அது தேவைப்படும்.